‘வாங்க’ என்று சொல்லக் கூடாத மண்டபம்

டாப்சிலிப் காட்டில் கொண்டுபோய் விட்ட மக்னா யானை, தந்தமில்லாத ஆண் யானை, அங்கே இருக்கப் பிடிக்காமல் நடந்தே கோயமுத்தூர் வரைக்கும் வந்து சேர்ந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பேரூர்ப் பக்கம் வந்து நின்றுகொண்டது. ஜனங்களெல்லாம் மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தார்கள். அந்த வருஷம்தான். யானையை மறுபடியும் பிடித்துக்கொண்டு போன பிறகு, வெயில் ஏற ஆரம்பித்த சமயம். யானை ஆனைமலைப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது. நாங்கள் இந்தப் பக்கத்திலிருந்து ஆனைமலைக்கு வேன் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு போனோம். சினிமாவுக்கு.

வேன் என்னுடையது. ஆட்கள் அந்த அம்மணியுடையவர்கள். பெயர் சொல்ல மாட்டேன். ‘என்ற பேரச் சொல்லிப்போடாதீங்க’ என்று என்னிடம் ஒருமுறை சொன்னது உண்டு. அதனால் அம்மணி என்றே சொல்கிறேன். என்னைவிட வயதில் சிறியவர். எங்கள் பக்கத்தில் அப்படிக் கூப்பிட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பெரியநாயக்கன்பாளையத்தில் பஞ்சாலை ஒன்று மூடினபோது வேலை போன பெண்கள் நிறையப் பேர். அம்மணியும் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்தான். பொள்ளாச்சிப் பக்கம் எந்தப் படம் எடுத்தாலும் கூட்டம் வேண்டும் அல்லவா? திருவிழாக் கூட்டம், கல்யாணக் கூட்டம், சாவு வீட்டுக் கூட்டம். அதற்கு ஆள் சேர்த்துக் கொண்டுபோகிற வேலையை அம்மணி எடுத்துக்கொண்டார். சாவு வீட்டுக் காட்சிக்குப் போனால் மட்டும் திரும்பி வரும்போது எல்லோரையும் வாய்க்காலில் இறக்கி, தலையில் தண்ணீர் தெளிக்க வைத்துத்தான் வேனில் ஏற்றுவார். பொணம் எழுந்து உட்கார்ந்து டீ குடித்ததை நானே பார்த்தேன் என்று சொன்னாலும் கேட்க மாட்டார்.

அந்த அம்மணியிடம் ஒரே ஒரு வழக்கம். யாரைக் கண்டாலும் ‘வாங்க’ என்று சொல்லிவிடுவார். எங்கள் ஊரில் எல்லோரும்தான் சொல்வோம். வந்தவரை வாங்க என்று கேட்காவிட்டால் அந்தக் குறை தலைமுறைக்கும் நிற்கும். ஆனால் நாங்கள் எங்கள் வாசலுக்கு வந்தவரைத்தான் சொல்வோம். அம்மணிக்கு வாசலே கிடையாது. பஸ் ஸ்டாப்பில் நின்றால் அடுத்து வருகிறவரை வாங்க என்பார். டாக்டர் வீட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், பின்னால் வருகிற நோயாளியை வாங்க என்று சொல்லி நகர்ந்து இடம் கொடுப்பார். ராங் நம்பர் போன் வந்தால்கூட, ‘இது வேற நம்பருங்க, ஆனாப் பரவால்ல, சொல்லுங்க, நல்லா இருக்கறீங்களா?’ என்பார்.

ஒருநாள் பொள்ளாச்சி ரோட்டில் போலீஸ்காரர் ஒருவர் வேனை ஓரம் கட்டச் சொன்னார். வேனில் ஆள் கொஞ்சம் அதிகம்தான். அவர் கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டினார். நீட்டியதுதான் தாமதம்.

“வாங்க சார், வாங்க வாங்க. இந்த வெயில்ல நிக்கறீங்களே! சித்தெ உக்காருங்க. ஏம்புள்ள, சாருக்குத் தண்ணி எடு.”

“அம்மா, நான் செக் பண்ண வந்திருக்கேன்.”

“பண்ணுங்க சார், ஆரு வேண்டாம்னா? உக்காந்து பண்ணுங்க.”

அவர் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். முறுக்கு தின்றார். தன் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற கதையைச் சொன்னார். இறங்கும்போது, “பார்த்து மெதுவா ஓட்டிட்டுப் போங்க” என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார். எங்களை எதற்கு நிறுத்தினார் என்பது அவருக்கும் மறந்துவிட்டது. நான் எதற்கு ஞாபகப்படுத்த வேண்டும்?

இன்னொரு தடவை, கூட்டத்தில் இருந்த பெண் ஒருத்தியின் சொந்தக்காரக் கல்யாணத்துக்குத் துணைக்குப் போனார். அந்தப் பெண் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். அம்மணி மண்டப வாசலிலேயே நின்று, வருகிறவர்களை எல்லாம் வாங்க வாங்க என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். பெண் வீட்டார் இவரை மாப்பிள்ளை வீட்டு அத்தை என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் சித்தி என்று நினைத்தார்கள். கடைசியில் குடும்ப போட்டோ எடுக்கும்போது இரண்டு பக்கமும் இழுத்து நடுவில் நிற்க வைத்துவிட்டார்கள். அந்த ஆல்பத்தில் இன்றைக்கும் நிற்கிறார். யார் என்று இரண்டு குடும்பத்துக்கும் தெரியாது.

நான் சொல்ல வந்தது அந்தப் படத்தைப் பற்றி. இப்போது பையன்கள் தனியாகப் பாட்டு எழுதி, தாங்களே பாடி, ஆடி, போனில் போட்டுப் பெரிய ஆளாகிறார்களே, அவர்களைக் கிண்டல் செய்து எடுத்த சிரிப்புப் படம். பம்ப் பட்டறையில் வேலை செய்கிற ஒருவன் மாவாட்டுகிற கிரைண்டரைப் பற்றி ஒரு பாட்டுப் பாடுவான். குரல் தகர டப்பா மாதிரி இருக்கும். மெஷினில் போட்டு அதைத் தேனாக்கிவிடுவார்கள். உலகமே அவன் பின்னால் ஓடும். பிறகு ஒருநாள் மெஷின் இல்லாமல் பாடி மாட்டிக்கொள்வான். உலகம் திரும்பிப் பார்க்காது. கதை அவ்வளவுதான்.

அந்தப் பாட்டில் கடகடவென்று ஒரு தாளம் வருமே, அது அம்மணி வீட்டு கிரைண்டர். சத்தம் பதிவு செய்கிறவர்கள் வந்து, கல்லை மட்டும் ஓடவிடுங்கள் என்றார்கள். “வெறுங்கல்லு ஓட்டப்படாதுங்க” என்று சொல்லி அம்மணி அரிசியும் உளுந்தும் போட்டுத்தான் ஓட்டினார். வந்தவர்கள் மறுநாள் காலை இட்லிக்கும் வந்தார்கள். பாட்டுக்காரன் கழுத்தில் தங்கச் சங்கிலி மாதிரி தடியாக ஒன்று தொங்குமே, அது பட்டறையில் கடைந்த பித்தளை வளையங்களைக் கோத்தது. கழுத்து வலியில் அந்தப் பையன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சாய்த்து நடந்தான். படம் வந்த பிறகு சரவணம்பட்டிக் காலேஜ் பையன்கள் அதை ஸ்டைல் என்று நினைத்துத் தலையைச் சாய்த்துக்கொண்டு நடந்ததை நான் பார்த்தேன். அது ஸ்டைல் இல்லை, பாரம்.

மேடையில் புகை வரும் காட்சி ஒன்று உண்டு. புகை மெஷின் ரிப்பேர். சாம்பிராணியைக் கூடை கூடையாகப் போட்டுப் புகைத்தார்கள். கத்திக் கூச்சல் போட வேண்டிய ரசிகைகள் எல்லாம் மணம் வந்ததும் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் அதையே வைத்துக்கொண்டார். தியேட்டரில் அந்த இடத்தில்தான் பலத்த சிரிப்பு.

டைரக்டர் சின்ன வயதுக்காரர். வெளியூர். முதல் படம். நல்ல மனுஷன், ஆனால் நகத்தைக் கடித்துக்கொண்டே இருப்பார். கடைசிக் காட்சி எடுக்க ஆனைமலைப் பக்கத்தில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தைப் பிடித்திருந்தார். மேடையில் மயில் தோகை விரித்தாற்போல வரைந்திருக்கும், அது அவருக்குப் பிடித்துவிட்டது.

மண்டபத்தின் பெயரைக் கேட்டதும் அம்மணி முகம் மாறியது. வேனில் எப்போதும் என் பின்சீட்டில் உட்கார்ந்து போகிற வழியெல்லாம் பேசிக்கொண்டு வருவார். அன்றைக்குப் பேச்சைக் காணோம்.

“ஏனம்மணி, ஒடம்புக்கு ஆகலையா?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் இல்லீங்க. அது என்ற பொறந்த ஊருங்க.”

“அதுக்குச் சந்தோசமில்ல படோணும்?”

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். மகள் கல்யாணம் அந்த மண்டபத்தில்தான் நடந்ததாம். அம்மணிக்கு ஒரே அண்ணன். தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர். மண்டபத்துக்குப் பின்னாலேயே வீடு. தாய்மாமன் அல்லவா, சீர்த் தட்டுகளோடு சம்சாரத்தைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றிருக்கிறார். வாசலில் அம்மணி சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருக்கிறார்.

“போட்டோக்காரன், அம்மா இங்க பாருங்க, சிரிங்கன்னானுங்க. நான் பாத்தேன், சிரிச்சேன். கச்சேரிச் சத்தம் வேற. திரும்பிப் பாத்தா எங்கண்ணன் முதுகுதான் தெரிஞ்சுது. வாங்கண்ணான்னு ஒரு வார்த்தை வர்றதுக்குள்ள தட்ட வாசத் திண்ணையில வெச்சுப்போட்டுப் போயிட்டாருங்க.”

“அப்பறம் போய்க் கூப்புடலையா?”

“போகாம இருப்பனுங்களா? அவரு வாசக் கேட்டுக்கு உள்ளார நின்னுக்கிட்டு, ‘அன்னைக்கு வாங்கன்னு கேக்காத வாயி இன்னைக்கு எதுக்கு’ன்னாரு. தாய்மாமன் எடத்துல ஒண்ணுவிட்ட தம்பிய நிக்க வெச்சுத்தான் கல்யாணம் முடிஞ்சுது. இப்ப என்ற பேத்தி பள்ளிக்கூடம் போறாளுங்க. எங்கண்ணன் இன்னும் என்ற ஊட்டுப் படி மிதிக்கல.”

நான் கியர் மாற்றினேன்.

“வேண்டாம்னா இன்னிக்கு வேற ஆளுகிட்டச் சொல்லிக் கூட்டத்த அனுப்பலாமே, அம்மணி.”

“வராம இருந்தா அந்த மண்டபத்து மேல நானும் கோவிச்சுக்கிட்ட மாதிரி ஆயிருமுங்க. ஆராச்சும் ஒருத்தராவது கோவிச்சுக்காம இருக்கோணுமல்ல?”

இந்த அம்மணி ஏன் போகிற வருகிறவரை எல்லாம் வாங்க என்கிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. ஒருத்தரையும் விட்டுவிடக் கூடாது என்று பயம்.

மண்டபத்துக்குப் போய் இறங்கினோம். பின்பக்கத்துச் சன்னல் வழியாகத் தோப்பும், ஒரு ஓட்டு வீட்டு முகப்பும் தெரிந்தன. அம்மணி அந்தச் சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். பிறகு இடம் மாற்றிச் சன்னலைப் பார்த்து உட்கார்ந்தார். பிறகு மறுபடியும் மாற்றிக்கொண்டார்.

டைரக்டர் காட்சியை விளக்கினார். பேரும் புகழும் போன பாட்டுக்காரன் ஒரு கல்யாணத்துக்கு வருகிறான். மண்டபம் நிறைய ஜனம். வாசலிலிருந்து மேடை வரைக்கும் நடக்கிறான். ஒருத்தரும் அவனை ஏறிட்டுப் பார்க்கக் கூடாது, ஒரு வார்த்தை பேசக் கூடாது. “உலகமே அவனைக் கைவிட்டுடுச்சு. அதுதான் படத்தோட உயிர். புரியுதா?” என்றார். எல்லோரும் புரிந்தது என்று தலையாட்டினார்கள்.

கேமரா ஓடியது. பையன் வாசலில் கால் வைத்தான்.

“வாங்க வாங்க!” மண்டபம் முழுக்க.

கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒருத்தர் உள்ளே வருகிறார். எங்கள் ஜனம் என்ன செய்யும்? கை தானாகக் கும்பிடுகிறது, வாய் தானாகத் திறக்கிறது. டைரக்டர் நிறுத்தினார். பொறுமையாக மறுபடியும் சொன்னார். மறுபடியும் எடுத்தார்கள். இந்தத் தடவை பாதிப் பேர் அடக்கிக்கொண்டார்கள். மீதிப் பாதி அடக்கியவர்களுக்கும் சேர்த்துச் சொன்னார்கள். எல்லோரிலும் பலமாகக் கேட்ட குரல் அம்மணியுடையது.

“அம்மா! உங்க ஆளுங்களை அடக்குவீங்கன்னு பார்த்தா நீங்களே சொல்றீங்களே! யாரும் வாங்கன்னு சொல்லக் கூடாதும்மா.”

“செரிங்க சார். வாங்கன்னு சொல்லலீங்க. ‘எப்ப வந்தீங்க’ன்னு கேக்கலாமுங்களா?”

“கேட்கக் கூடாது.”

“சாப்பிட்டீங்களான்னு?”

டைரக்டர் நகத்தைக் கடித்தார். உதவி டைரக்டர் ஒருவர் யோசனை சொன்னார்: பந்தி போட்டு உட்கார வைப்போம், வாய் நிறையச் சோறு இருந்தால் எப்படிப் பேசுவார்கள்? போட்டார்கள். பாட்டுக்காரன் வந்தான். யாரும் பேசவில்லைதான். அத்தனை பேரும் இடது கையை நீட்டிப் பக்கத்தில் காலியாக இருந்த இலையைக் காட்டினார்கள். ஒரு பெரியம்மா நகர்ந்து இடமே கொடுத்துவிட்டது. அந்தப் பையனும் காலையிலிருந்து பசியோடு இருந்தவன். உட்கார்ந்துவிட்டான்.

வெயில் மேற்கே சாயத் தொடங்கியது. சாயங்காலம் மண்டபத்தைக் காலி செய்துதர வேண்டும், வேறு கல்யாணக்காரர்கள் வருகிறார்கள். டைரக்டர் ஒரு மூலையில் போய் நின்றார். அம்மணி போய் அவரைப் பார்த்தார். “அழுவாதீங்க சார். நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு வந்து கூட்டத்து நடுவில் நின்றார்.

“இங்க பாருங்க புள்ளைகளா. இப்ப உள்ளார வாரவன் பாட்டுக்காரன்னு நெனைக்காதீங்க. நம்மூட்டுப் புள்ளையப் பொண்ணு பாக்க வந்து, பஜ்ஜியும் கேசரியும் தின்னுபோட்டு, பொண்ணு கறுப்புன்னு ஆள் உட்டுச் சொல்லியனுப்புன மாப்பிள்ளைன்னு நெனச்சுக்கோங்க.”

சாமி, அந்த முகங்களைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு நொடியில் மண்டபமே கல்லாகிப் போனது. அந்தப் பையன் பயந்தே போனான். “நான் எதுவும் செய்யலீங்கக்கா” என்று முன் வரிசைப் பெண்ணிடம் சொல்லிப் பார்த்தான். அவள் திரும்பவில்லை.

கேமரா ஓடியது. பையன் தலையைச் சாய்த்தபடி நடந்து வந்தான். ஊசி விழுந்தால் கேட்கும். ஒருத்தரும் பார்க்கவில்லை, ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அம்மணி முதல் வரிசை ஓரத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். நான் கேமராவுக்குப் பின்னால், பக்கவாட்டுக் கதவை ஒட்டி, மற்ற டிரைவர்களோடு நின்றிருந்தேன்.

அந்தக் கதவு திறந்தது. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, வெயிலில் சிவந்த முகம். கதவுக்கு வெளியே இருந்தே ஆரம்பித்துக்கொண்டு வந்தார்.

“ஏனுங்க, டிராக்டர் போற தடத்துல ஜெனரேட்டர் வண்டிய நிறுத்தியிருக்கறது ஆருங்...”

கோபத்திலும் ‘ங்க’ போட்டார் பாருங்கள். ஆனால் முடிக்க முடியவில்லை. உதவி டைரக்டர் பாய்ந்து வந்து அவர் வாயைப் பொத்திவிட்டார்.

அந்தக் குரலுக்கு அம்மணி தலை நிமிர்ந்தது. முந்தானை வாயிலிருந்து விழுந்தது. எழுந்து நின்றார். கண் நிறைந்து வழிந்தது. இரண்டு கையும் சேர்ந்தன.

“வாங்கண்ணா. வாங்க.”

மண்டபத்தில் அந்த ஒரு குரல்தான். பாட்டுக்காரப் பையன் அம்மணிக்கு நேர் முன்னால் வந்திருந்தான். தனக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்து அப்படியே நின்றுவிட்டான். அவன் கண்ணும் கலங்கியது. அவனும் கும்பிட்டான். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

டைரக்டர் கட் சொல்வதற்குள் உதவி ஆட்கள் அந்தப் பெரியவரை வெளியே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நான் பின்னாலேயே ஓடினேன். மூக்கைப் பார்த்தே தெரிந்துவிட்டது, அம்மணியின் மூக்கு. வெளியே நின்று துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க,” என்று என்னைக் கேட்டார், “அவ என்னையக் கூப்புட்டாளா, இல்ல சினிமாவுக்குச் சொன்னாளா?”

உங்களைத்தான் என்றால் நம்புவாரா? “நீங்களே உள்ள வந்து பாருங்க” என்றேன்.

“கூப்புட்டது எனக்குன்னு தெரியாம ரெண்டாம் வாட்டி அந்த மண்டபத்துல நான் நிக்க முடியாதுங்க. ஒருவாட்டி நின்னதே போதும்.” ஆனால் போகவும் இல்லை. ஜெனரேட்டர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

உள்ளே டைரக்டர் அம்மணியிடம் ஓடினார். அம்மணி, “தப்பாப் போச்சுங்க சார், வாயில வந்துருச்சுங்க” என்றார்.

“தப்பா? அம்மா, இதுதாம்மா படம்! இன்னும் கிட்டத்துல வெச்சு ஒரு தடவை எடுக்கணும். அதே மாதிரி பாருங்க, அதே மாதிரி சொல்லுங்க.”

கேமராவைக் கிட்டே கொண்டுவந்தார்கள். அம்மணி எழுந்தார். கதவைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. “வாங்கண்ணா” என்றார், பஸ் கண்டக்டர் ஸ்டாப் பெயர் சொல்வது போல. மறுபடியும் எடுத்தார்கள். இன்னும் மோசம். யாரைக் கண்டாலும் பூப்போல மலர்ந்து வாங்க சொல்கிற அம்மணிக்கு அன்றைக்கு வரவில்லை.

“முதல் தடவை அங்கே எதைம்மா பார்த்தீங்க?” என்று கேட்டார் டைரக்டர்.

“எங்கண்ணனைப் பாத்தனுங்க. அவரு ஒண்ணும் பேசாமப் போயிட்டாருங்க.”

வாயைப் பொத்திய உதவி டைரக்டர் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டார்.

நான் வெளியே போய் நடந்ததை அப்படியே சொன்னேன். வெறும் கதவைப் பார்த்து உங்கள் தங்கச்சிக்கு அந்த வார்த்தை வரவில்லை, அதனால் உங்களைக் கூட்டிவரச் சொல்கிறார்கள் என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

“வரலையா?”

“வரலீங்க. செத்த வாயில சொல்ற மாதிரி சொல்லுது.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே நடந்தார். கேமராவுக்குப் பக்கத்தில் நின்றார். நாற்காலி போட்டார்கள், உட்கார மறுத்துவிட்டார். “பெரியவரே, தயவுசெஞ்சு பேசக் கூடாது” என்று டைரக்டரே வந்து கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். அவர் தலையாட்டினார்.

எடுத்தார்கள். அம்மணி நிமிர்ந்தார். அண்ணனைப் பார்த்தார். வாங்கண்ணா என்றார். அவர் பதில் சொல்லாமல் நின்றார். அம்மணிக்குக் கண்ணீர் வழிந்தது. அற்புதம், ஆனால் லைட் சரியில்லை என்றார்கள். மறுபடி. வாங்கண்ணா. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். இப்போது பாட்டுக்காரப் பையனின் நிழல் விழுந்துவிட்டதாம். மறுபடி. வாங்கண்ணா. தங்கச்சி அழ அழக் கூப்பிடுகிறாள், அண்ணன் வாய் திறக்கக் கூடாது. இப்படி ஒரு தண்டனையை நான் எங்கும் பார்த்ததில்லை. அவர் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு வந்தது.

கடைசியாக ஒருமுறை. எல்லாம் சரியாக அமைந்திருந்தது. அம்மணி எழுந்தார், கும்பிட்டார்.

“வாங்கண்ணா. வாங்க.”

“வந்துட்டேன் கண்ணு, வந்துட்டேன்! எத்தன வாட்டிதான் கூப்புடுவே?”

மண்டபம் அதிர்ந்தது. டைரக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். அம்மணி அழுதுகொண்டே சிரித்தார், மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி. பாட்டுக்காரப் பையனும் சேர்ந்து சிரித்தான். கேமராமேன் நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு எடுக்க யாருக்கும் தெம்பும் இல்லை, நேரமும் இல்லை. அதைத்தான் படத்தில் வைத்தார்கள். அண்ணன் குரலை மட்டும் அழித்துவிட்டு, பின்னால் இசையைப் போட்டுவிட்டார்கள்.

பிறகு அவர் டைரக்டரிடம் போய், “வண்டி அங்கயே நிக்கட்டுங்க. டிராக்டர் நாளைக்குப் போய்க்கும்” என்றார். மொத்தக் கூட்டத்தையும் சோற்றுக்குத் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். அவ்வளவு பேருக்கு எங்கே போய்ச் சமைப்பது என்று அவர் சம்சாரம் கேட்டதற்கு, தெரியாது என்றார். அரிசியும் பருப்புமாக ஒரே சோறு, இளநீர், கொல்லையில் பறித்த வாழையிலை. பொண்ணு பாத்துட்டு வேண்டாம்னு சொன்னவனை என்ன செய்வது என்று பெண்கள் பேசிக்கொண்டு, கடைசியில் அந்தப் பையனுக்குத்தான் முதல் இலை போட்டார்கள்.

இப்போது அம்மணி பெரியநாயக்கன்பாளையத்தில் இல்லை. மகளோடு வெளியூர் போய்விட்டார். எனக்கும் கண் சரியில்லை, வேனை விற்றுவிட்டேன். ஆனால் போனில் தினமும் அவரைப் பார்க்கிறேன். அந்தக் காட்சியில் கும்பிட்டு நிற்கிற முகத்தை மட்டும் வெட்டி எடுத்து ஜனங்கள் ஒருவருக்கொருவர் அனுப்புகிறார்கள். யாராவது தாமதமாக வந்தால் அதை அனுப்பிச் சிரிக்கிறார்கள். போன வாரம் பேரன் ஒரு வீடியோ போட்டுக் காட்டினான். இந்தப் படத்தில் உங்களுக்குத் தெரியாத சங்கதிகள் என்று ஒருவர் வேகவேகமாகப் பேசுகிறார். அந்த அம்மா பாட்டுக்காரனின் பைத்தியக்கார ரசிகையாக நடிக்கப் பல நாள் பயிற்சி எடுத்தாராம். கண்ணுக்குக் கிளிசரின் போட்டார்களாம்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த ஆளுக்குக் கீழே பதில் போடவும் தெரியாது. உங்கள் போனுக்கும் அந்தக் கும்பிடு வந்திருக்கும், நீங்களும் யாருக்காவது அனுப்பியிருப்பீர்கள். சிரியுங்கள், தப்பில்லை, அம்மணியும் சிரிப்பார். அடுத்த தடவை அனுப்பும்போது மட்டும் கூடவே ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். அவர் பார்த்தது பாட்டுக்காரனை இல்லை, கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற அண்ணனை என்று. அந்த அண்ணன் பதில் சொன்னார், வந்துவிட்டார் என்பதையும் மறக்காமல் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.